ஊரடங்கு மீறல் வழக்குகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் வெளியே வந்தவர், கடையை நேரத்தில் அடைக்காதவர், இ-பாஸ் இல்லாமல் மாவட்ட எல்லையைக் கடந்தவர் என்று பல லட்சம் பேர் மீது இம்மாநிலத்தில் வழக்குப் பதிவானது. அவர்களில் பெரும்பாலோர் அதை மறந்தேபோனார்கள். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதோ, காவலர் தேர்வில் வெற்றி பெற்று முன்வரலாறு சரிபார்ப்புக்குப் போகும்போதோதான் பழைய எண் ஒன்று திரும்ப எழுந்து வருகிறது. அப்படி வருபவர்கள் கேட்கும் கேள்விகளுக்கும், அடுத்த தொற்று வந்தால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்களின் கேள்விகளுக்கும் இங்கே விடை தரப்பட்டுள்ளது. இது பொதுவான விளக்கமே தவிர, உங்கள் வழக்கின் தாள்களைப் பார்த்து ஒரு வழக்கறிஞர் சொல்லும் கருத்துக்கு ஈடாகாது.

வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று அரசு எந்தச் சட்டத்தின் பலத்தில் சொன்னது?

ஒரு சட்டம் அல்ல, நான்கு சட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. மத்திய அரசு 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைக் கையில் எடுத்தது. மாநில அரசு 1897 ஆம் ஆண்டின் தொற்றுநோய்கள் சட்டத்தின்கீழ் விதிமுறைகளை வெளியிட்டது. மாவட்ட ஆட்சியர்களும், சென்னை போன்ற மாநகரங்களில் காவல் ஆணையர்களும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144 ஆவது பிரிவின்கீழ்க் கூட்டம் கூடத் தடை விதித்தார்கள். இவற்றோடு தமிழ்நாட்டுக்கென்றே 1939 ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டம் ஒன்று இருந்தது.

அரசியலமைப்பின்படி பொது சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குத் தொற்று பரவாமல் தடுப்பது மட்டுமே பொதுப் பட்டியலில் வருகிறது. நாடு முழுவதற்கும் ஒரே நாளில் ஊரடங்கு அறிவிக்க நேரடியான சுகாதாரச் சட்டம் எதுவும் மத்திய அரசிடம் இல்லாததால்தான், புயலுக்கும் சுனாமிக்கும் உதவும் என்று எண்ணி இயற்றப்பட்ட பேரிடர்ச் சட்டம் இங்கே வந்து நின்றது. அதன்கீழ்ப் பிறப்பிக்கப்பட்ட கோவிட் கட்டுப்பாட்டு உத்தரவுகள் 2022 மார்ச் 31 அன்று முடிவுக்கு வந்தன.

நூறாண்டுக்கும் மேல் பழைய 1897 ஆம் ஆண்டுச் சட்டத்தை எதற்காகப் பயன்படுத்தினார்கள்?

வேறு சட்டம் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். 1896 இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, ஆங்கில அரசு அவசரமாக இயற்றிய சட்டம் இது. மூல வடிவில் அதில் நான்கே பிரிவுகள் இருந்தன. தேவை என்று கருதும் எந்த நடவடிக்கையையும் அரசு எடுக்கலாம் என்பது ஒரு பிரிவு. மீறினால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188 ஆவது பிரிவின்படி தண்டனை என்பது இன்னொரு பிரிவு. நல்லெண்ணத்தோடு செயல்பட்ட அதிகாரி மீது வழக்குத் தொடர முடியாது என்பது மற்றொன்று. தனிமைப்படுத்தப்படுபவருக்கு என்ன உரிமை, எத்தனை நாள் அடைத்து வைக்கலாம், யாரிடம் மேல்முறையீடு செய்வது என்று அதில் ஒரு வரியும் கிடையாது.

சட்டம் வந்த 1897 ஆம் ஆண்டில் புனே நகரில் பிளேக் தடுப்பு என்ற பெயரில் வீடு வீடாக நுழைந்து நடத்திய சோதனைகள் மக்களைக் கொதிப்படையச் செய்தன. சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்த ராண்ட் என்ற ஆங்கில அதிகாரியைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டுக் கொன்றதில் போய் அது முடிந்தது. சுகாதார உத்தரவைச் செயல்படுத்தும் விதம் தவறினால் அந்த நோய்த்தடுப்பின் மீதே மக்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்பதற்கு இந்தச் சட்டத்தின் முதல் ஆண்டே சாட்சியாக இருக்கிறது.

உத்தரவை மீறினால் என்ன தண்டனை?

அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 188 ஆவது பிரிவின்படி, அரசு ஊழியர் சட்டப்படி பிறப்பித்த உத்தரவைத் தெரிந்தே மீறினால் ஒரு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 200 ரூபாய் வரை அபராதம். அந்த மீறலால் மனித உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து நேரக்கூடும் என்றால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம். உயிருக்கு ஆபத்தான நோயைக் கவனக்குறைவால் பரப்பக்கூடிய செயலுக்கு 269 ஆவது பிரிவின்கீழ் ஆறு மாதமும், அதையே கெடுநோக்கத்தோடு செய்தால் 270 ஆவது பிரிவின்கீழ் இரண்டு ஆண்டும் உச்சவரம்பு. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51 ஆவது பிரிவு, தக்க காரணமின்றி உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுப்பவருக்கு ஓராண்டு வரையும், அதனால் உயிரிழப்போ உடனடி ஆபத்தோ ஏற்பட்டால் இரண்டாண்டு வரையும் சிறை விதிக்க இடமளிக்கிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 188 இப்போது 223. அதன் தண்டனை ஆறு மாதம் அல்லது 2,500 ரூபாய் என்றும், உயிர் ஆபத்து இருந்தால் ஓராண்டு அல்லது 5,000 ரூபாய் என்றும் உயர்ந்திருக்கிறது. 269, 270, 271 ஆகியவை முறையே 271, 272, 273 ஆகியுள்ளன. தனிமைப்படுத்தல் விதியை மீறுவது பற்றிய பழைய 271 ஆவது பிரிவுதான் புதிய 271 என்று எண்ணிக் குழம்பியவர்களை நீதிமன்ற வளாகத்திலேயே பார்க்க முடிகிறது. குற்றம் நடந்ததாகச் சொல்லப்படும் நாளில் எந்தச் சட்டம் இருந்ததோ அதன்படிதான் தண்டனை என்பதால், 2020, 2021 ஆம் ஆண்டு வழக்குகளுக்குப் பழைய எண்களும் பழைய தண்டனைகளுமே பொருந்தும்.

என் மீது காவல் நிலையத்தில் 188 ஆவது பிரிவின்கீழ் எஃப்ஐஆர் போட்டார்கள். அது செல்லுமா?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வியும், ஊரடங்கு வழக்குகள் பலவற்றின் விதியைத் தீர்மானித்த கேள்வியும் இதுதான்.

188 ஆவது பிரிவு விசித்திரமான ஓர் இடத்தில் நிற்கிறது. அப்போது நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணை, இதைப் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்கிறது. அதே சட்டத்தின் 195 ஆவது பிரிவோ, உத்தரவைப் பிறப்பித்த அரசு ஊழியரோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்து மூலம் நேரடியாகப் புகார் கொடுத்தால் ஒழிய, எந்த நீதிமன்றமும் இந்தக் குற்றத்தை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. உத்தரவு யாருடையதோ, அது மீறப்பட்டதால் பொது நலனுக்குக் கெடுதல் நேர்ந்ததா என்பதை அவரே எடைபோட்டு நீதிமன்றத்தை நாட வேண்டும், வேறொருவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு மக்களை அலைக்கழிக்கக் கூடாது என்பதே இந்தத் தடையின் நோக்கம்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஜீவானந்தம் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் 2018 செப்டம்பர் 20 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய தீர்ப்பு இதை மிகத் தெளிவாகச் சொன்னது. 172 முதல் 188 வரையிலான பிரிவுகளின்கீழ் வரும் குற்றங்களுக்குக் காவல் துறை முதல் தகவல் அறிக்கை (எஃப்ஐஆர்) பதிவு செய்ய முடியாது. கண் எதிரே மீறல் நடந்தால் தடுப்பு நடவடிக்கை எடுக்கலாம். எடுத்த கையோடு உத்தரவு பிறப்பித்த அதிகாரிக்குத் தகவல் சொல்ல வேண்டும். அந்த அதிகாரிதான் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் எழுத்துப் புகார் கொடுக்க வேண்டும். அனுமதியின்றிப் போராட்டம் நடத்தியவர்கள் மீதான வழக்குகளில் பிறந்த தீர்ப்பு இது. ஊரடங்கு வருவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்பே இந்த விதி மாநிலத்தின் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் பொருந்துவதாக இருந்தது.

ஆனாலும் 2020 மார்ச் மாதக் கடைசியிலிருந்து அதே பிரிவின்கீழ் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் எஃப்ஐஆர்கள் பதிவாயின. அந்த அறிக்கைகளில் சிலவற்றைப் பக்கத்தில் பக்கம் வைத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படும். ‘தகுந்த காரணம் இன்றி, கொரோனா நோய்த் தொற்றுப் பரவும் என்று தெரிந்தும்’ என்ற வகையில் ஒரே வாசகம் எல்லாவற்றிலும் இருக்கும், பெயர், வண்டி எண், இடம், நேரம் ஆகிய நான்கு மட்டும் மாறியிருக்கும். எந்த அதிகாரியின் எந்த உத்தரவு, அதன் தேதி என்ன, அது எப்படி மக்களுக்குத் தெரிவிக்கப்பட்டது என்ற விவரத்தைத் தேடினால் கிடைக்காது. ஒரு வழக்கு நிற்க வேண்டிய கால்களே அவைதான்.

நாட்டின் எல்லா உயர் நீதிமன்றங்களும் இந்த விஷயத்தில் ஒரே பார்வையில் இல்லை. எஃப்ஐஆர் பதிவு செய்வதில் தவறில்லை, புகார் இல்லாமல் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கத்தான் தடை என்று சில நீதிமன்றங்கள் கருதியுள்ளன. எப்படிப் பார்த்தாலும் போகும் இடம் ஒன்றுதான்: அதிகாரியின் எழுத்துப் புகார் இல்லாமல் தண்டனை கிடையாது. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 195 இன் இடத்தில் 215 ஆவது பிரிவு இதே தடையோடு தொடர்கிறது.

188 உடன் 269 ஆவது பிரிவையும் சேர்த்திருக்கிறார்களே?

அந்தச் சிக்கலைக் கடக்கத்தான் பல நிலையங்களில் 269 சேர்க்கப்பட்டது என்று கருத இடமிருக்கிறது. அந்தப் பிரிவுக்கு அதிகாரியின் புகார் தேவையில்லை, காவல் துறையே புலன்விசாரணை செய்து குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யலாம். ஆனால் 269 கேட்கும் ஆதாரம் வேறு. செய்த செயல் உயிருக்கு ஆபத்தான நோயைப் பரப்பக்கூடியதாக இருக்க வேண்டும். அது சட்டவிரோதமாகவோ கவனக்குறைவாகவோ செய்யப்பட்டிருக்க வேண்டும். நோய் பரவும் என்று அவருக்குத் தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ இருக்க வேண்டும். தொற்று இல்லாத ஒருவர் ஆள் நடமாட்டமே இல்லாத சாலையில் தனியாக மொபெட்டில் போனார் என்பதால் மட்டும் இவை நிறைவேறிவிடாது. பரிசோதனை முடிவு எதுவும் இல்லாத வழக்கில் இந்தப் பிரிவு நிற்பது கடினம்.

தில்லியில் 2020 இல் ஒரு சமய மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவரைத் தங்க வைத்ததாக இந்தியர் 70 பேர் மீது பதிவான 16 வழக்குகளைத் தில்லி உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. ஐந்து ஆண்டுகள் அவர்கள் மீது வழக்கு நிலுவையில் இருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

தொலைக்காட்சியில் முதலமைச்சரோ பிரதமரோ அறிவித்ததே உத்தரவு ஆகுமா?

ஆகாது. அறிவிப்பு வேறு, உத்தரவு வேறு. சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, அதிகாரம் உள்ளவர் கையொப்பமிட்டு, அரசாணையாகவோ செயல்முறை ஆணையாகவோ வெளியிட்டதைத்தான் மீற முடியும். கைகழுவுங்கள், கூட்டத்தைத் தவிருங்கள், முதியவர்கள் வீட்டிலேயே இருங்கள் என்பவை அறிவுரைகள். அவற்றைக் கேளாதவர் மீது குற்ற வழக்கு வராது. 144 உத்தரவுகள் வெளியிடப்பட வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், தேவைக்கு மேல் போகக் கூடாது என்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரி 10 அன்றுதான், அதாவது ஊரடங்குக்குச் சுமார் பத்து வாரம் முன்பு, தீர்ப்பளித்திருந்தது.

இது வெறும் நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. மளிகைக் கடைகள் காலை 6 முதல் பிற்பகல் 2.30 வரை திறந்திருக்கலாம் என்று மார்ச் மாதக் கடைசியில் சொல்லப்பட்டது. ஏப்ரல் 5 முதல் அது 1 மணி வரை என்று சுருங்கியது. ஒரு வாரத்துக்குள் மாறிய நேரத்தை எந்த வழியில் கடைக்காரருக்குத் தெரிவித்தார்கள் என்பது, ‘தெரிந்தே மீறினார்’ என்று நிரூபிக்க வேண்டிய வழக்கில் மையமான கேள்வியாகிவிடும்.

முகக்கவசம் அணியாததற்கு 200 ரூபாய் வாங்கினார்களே, அது எந்தச் சட்டம்?

1939 ஆம் ஆண்டின் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம். சென்னை மாகாணமாக இருந்த காலத்தில் இயற்றப்பட்ட இந்தச் சட்டம், நாட்டில் இவ்வகைச் சட்டங்களுள் மிக முந்தையது. எந்தெந்த நோய்களை மருத்துவர்கள் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், சுகாதார அலுவலர் எப்போது ஒரு வீட்டுக்குள் நுழையலாம், தொற்றுள்ளவர் பொது வண்டியில் ஏறலாமா என்பது வரை அதில் விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. 1897 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டால் வானத்துக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு.

2020 செப்டம்பரில் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, அந்த இடத்திலேயே அபராதம் வசூலிக்கும் முறை கொண்டுவரப்பட்டது. முகக்கவசம் இல்லாவிட்டால் 200 ரூபாய், பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500, சமூக இடைவெளியைக் கடைப்பிடிக்காவிட்டால் 500, தனிமைப்படுத்தலை மீறினால் 500, முடிதிருத்தகம், உடற்பயிற்சிக் கூடம், வணிக நிறுவனம் ஆகியவை நெறிமுறையை மீறினால் 5,000 ரூபாய் என்று தொகைகள் குறிக்கப்பட்டன. முகக்கவச அபராதம் 2022 ஜனவரியில் 500 ரூபாயாக உயர்ந்தது.

பணத்தைக் கட்டினால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும், எஃப்ஐஆர் இல்லை, குற்றவாளி என்ற பதிவும் இல்லை. கட்ட மறுத்தால் நடுவர் முன் வழக்காகப் போகும். அங்கே உங்கள் தரப்பைச் சொல்லலாம். ரசீது கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. ரசீதில் சட்டப் பிரிவும் வசூலித்தவரின் பதவியும் இருக்க வேண்டும்.

மார்ச் மாதத்திலேயே இந்த வழியில் போயிருந்தால், அந்த லட்சக்கணக்கான எஃப்ஐஆர்களில் பெரும்பகுதிக்குத் தேவையே இருந்திருக்காது என்பது இதை எழுதுபவரின் உறுதியான கருத்து. சிறிய மீறலுக்குச் சிறிய அபராதம் என்ற எளிய ஏற்பாடு, ஆறு மாதம் தாமதமாக வந்து சேர்ந்தது.

வாகனத்தைப் பறிமுதல் செய்தார்கள். சட்டப்படி அதற்கு அதிகாரம் உண்டா?

குற்றத்தோடு தொடர்புள்ள பொருளைக் கைப்பற்ற அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102 ஆவது பிரிவு அதிகாரம் தந்தது. கைப்பற்றிய விவரத்தை உடனே நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருந்தது. வண்டியை ‘இரண்டு மணி நேரம் நிற்கட்டும்’ என்று சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வதற்கு அந்தப் பிரிவில் இடமில்லை. நிலைய வளாகத்தில் வெயிலிலும் மழையிலும் வண்டிகள் துருப்பிடித்துக் கிடக்கக் கூடாது, படம் எடுத்துக்கொண்டு உறுதிப் பத்திரம் வாங்கிக்கொண்டு உரிமையாளரிடம் திருப்பித் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002 இலேயே சொல்லியிருக்கிறது. இப்போதும் வண்டி நிலையத்தில் இருந்தால், பதிவுச் சான்றோடு நடுவர் நீதிமன்றத்தில் மனு போட்டுப் பெறலாம்.

தோப்புக்கரணம் போட வைப்பது, தடியால் அடிப்பது ஆகியவற்றை எந்தச் சட்டம் அனுமதிக்கிறது?

எதுவும் இல்லை. சாலையில் தோப்புக்கரணம் போட வைத்த காணொளிகள் அந்த மாதங்களில் நகைச்சுவையாகப் பகிரப்பட்டன. ஆனால் தண்டனை விதிப்பது நீதிமன்றத்தின் வேலை, அதுவும் சட்டத்தில் எழுதியிருக்கும் தண்டனையை மட்டுமே விதிக்க முடியும். முகக்கவசம் அணியாதவர்களைக் கோவிட் மையங்களில் சமூகப் பணி செய்ய வைக்க வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் 2020 டிசம்பரில் இட்ட உத்தரவையே உச்ச நீதிமன்றம் மறுநாள் நிறுத்தி வைத்தது.

ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது தானாக நடக்கக் கூடாது, முதலில் அழைப்பாணை அனுப்ப வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் 2014 இலேயே தீர்ப்பு வந்திருக்கிறது. ஊரடங்கு மீறல் தொடர்பான பிரிவுகள் எல்லாமே அந்த வரம்புக்குள் அடங்குபவை. அப்படியிருந்தும், தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் 2020 ஜூன் 19 அன்று, குறித்த நேரத்துக்கு மேல் கைப்பேசிக் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லித் தந்தையும் மகனும் கைது செய்யப்பட்டார்கள். அடுத்த சில நாட்களுக்குள் இருவரும் உயிரிழந்தார்கள். அவர்கள் மீதான எஃப்ஐஆரில் 188, 269 ஆகிய பிரிவுகளும் இருந்தன. மதுரைக் கிளை தாமாக முன்வந்து விசாரித்தது, வழக்கு சிபிஐ வசம் போய்க் காவலர்கள் மீது கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. 188 இன் உச்சகட்டத் தண்டனை ஆறு மாதம் என்பதை இங்கே மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டித் தகரம் அடித்தார்கள். அது சரியா?

தொற்றுள்ளவரைத் தனிமைப்படுத்தும் அதிகாரம் 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. ஆனால் அவருடைய வாசலில் ஊரறிய அறிவிப்பு ஒட்டுவது வேறு விஷயம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் உரிய அதிகாரி குறிப்பிட்டு உத்தரவிட்டால் ஒழிய அப்படி ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 9 அன்று தெளிவுபடுத்தியது. தகரம் வைத்து வாசலை அடைப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: உள்ளே தீப்பிடித்தாலோ நெஞ்சுவலி வந்தாலோ வெளியேற வழியில்லாத வீட்டைத் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று சொல்ல முடியாது.

தடுப்பூசி போடாவிட்டால் பொது இடத்துக்கு வரக் கூடாது என்றார்களே?

2021 நவம்பர் 18 அன்று தமிழ்நாட்டின் பொது சுகாதாரத் துறை இயக்குநர், 1939 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அப்படி ஓர் உத்தரவு பிறப்பித்தார். இதுவும் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தின் முன் ஜேக்கப் புலியேல் வழக்கில் ஆராயப்பட்டது. 2022 மே 2 அன்று வந்த தீர்ப்பு, ஒருவர் உடலில் அவர் விருப்பமின்றித் தடுப்பூசி செலுத்த முடியாது, அது அரசியலமைப்பின் 21 ஆவது பிரிவு காக்கும் உரிமை என்றது. அதே நேரத்தில், பொது நலனுக்காகத் தனிமனித உரிமைக்கு அரசு நியாயமான வரம்பு விதிக்கலாம் என்பதையும் ஏற்றது. தொற்று குறைந்திருந்த அந்தச் சூழலில், தடுப்பூசி போடாதவர்களுக்கு மட்டும் விதித்த தடைகள் அளவுக்கு மீறியவை என்பதே அது கண்ட முடிவு. ஆகவே எந்தத் தடையும் எப்போதும் கூடாது என்று இத்தீர்ப்பைப் படிப்பதும், அரசு எதையும் செய்யலாம் என்று படிப்பதும் இரண்டுமே தவறு.

மருத்துவர், செவிலியர் மீதான தாக்குதலுக்கும் இதே சட்டங்கள்தானா?

அதற்குத் தனியாகக் கடுமையான ஏற்பாடு வந்தது. 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைச் சென்னையில் ஒரு கும்பல் கல்லால் அடித்து விரட்டியது. சக மருத்துவர்கள் தாங்களே மண்ணைத் தள்ளி இரவோடு இரவாக அவரை அடக்கம் செய்ய வேண்டியதாயிற்று. நாட்டின் வேறு இடங்களிலும் இத்தகைய நிகழ்வுகள் நடந்த நிலையில், ஏப்ரல் 22 அன்று அவசரச் சட்டம் மூலம் 1897 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்பட்டது. சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரையும், கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரையும் சிறை. இது பிணையில் விட முடியாத குற்றம். 188 பற்றி மேலே சொன்ன எந்தத் தடையும் இதற்குக் கிடையாது.

2021 இல் வழக்குகளை எல்லாம் வாபஸ் வாங்கிவிட்டதாகச் சொன்னார்களே, என் வழக்கு முடிந்ததா?

2021 பிப்ரவரி 19 அன்று கடையநல்லூரில் பேசிய அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, ஊரடங்கு மீறலுக்காகப் பதிவான சுமார் 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். வன்முறையில் ஈடுபட்டது, முறைகேடாக இ-பாஸ் பெற்றது, காவலர்களைப் பணி செய்ய விடாமல் தடுத்தது போன்றவற்றுக்கு அந்தச் சலுகை இல்லை. சொந்த ஊருக்கு நடந்தே புறப்பட்ட புலம்பெயர் தொழிலாளர்கள் மீதான பேரிடர்ச் சட்ட வழக்குகளைத் திரும்பப் பெறுவது குறித்து மாநிலங்கள் பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஜூன் 9 அன்றே கூறியிருந்தது.

அறிவிப்பு வந்த உடனே வழக்கு மறைந்துவிடாது. எஃப்ஐஆர் நிலையிலேயே நின்ற வழக்கில், மேல் நடவடிக்கை கைவிடப்படுவதாகக் காவல் துறை நடுவருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். நீதிமன்றக் கோப்புக்கு ஏறிவிட்ட வழக்கில், அரசு வழக்கறிஞர் அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321 ஆவது பிரிவின்கீழ் மனு செய்து நீதிமன்றத்தின் இசைவைப் பெற வேண்டும். இந்த இரண்டில் ஒன்று நடந்ததற்கான தாள் இல்லாவிட்டால் உங்கள் வழக்கு இன்னும் எங்கோ நிலுவையில் இருக்கலாம்.

காலவரம்பும் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கும். ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்தை, அது நடந்து ஓராண்டுக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்திருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 468 ஆவது பிரிவு கூறியது. தொற்றுக்காலம் என்று உச்ச நீதிமன்றம் கழித்துவிட்ட 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தை விட்டுக் கணக்கிட்டாலும் அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும் அதற்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும்.

கடவுச்சீட்டுக்கும் அரசு வேலைக்கும் இது தடையாகுமா?

குற்றவியல் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் கடவுச்சீட்டு மறுக்கலாம் என்று கடவுச்சீட்டுச் சட்டத்தின் 6 ஆவது பிரிவு சொல்கிறது. எஃப்ஐஆர் மட்டும் இருந்து, நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்காதவரை அது நிலுவை வழக்கு ஆகாது என்று உயர் நீதிமன்றங்கள் கூறியுள்ளன. நிலுவையில் இருந்தாலும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதியோடு கடவுச்சீட்டுப் பெற வழி உண்டு.

வேலைக்கான விண்ணப்பத்தில் ‘குற்ற வழக்கு உண்டா’ என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 இல் வகுத்த நெறியின்படி, அற்பமான வழக்கை மறைத்திருந்தால்கூட அதைக் கருணையோடு பார்க்க நியமன அதிகாரிக்கு இடமுண்டு. அந்தக் கருணையை நம்பி மறைப்பதைவிட, கைவிடப்பட்டதற்கான நகலை இணைத்துச் சொல்லிவிடுவது பாதுகாப்பானது.

என் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

முதலில் எஃப்ஐஆர் எண்ணும் ஆண்டும் நிலையத்தின் பெயரும் வேண்டும். வண்டியைப் பிடித்தபோது கொடுத்த சீட்டில் அந்த எண் இருக்கக்கூடும். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்தில் அதை வைத்து எஃப்ஐஆர் நகலை எடுக்கலாம். இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் அதே எண்ணை இட்டால், நீதிமன்றக் கோப்புக்குப் போயிருந்தால் காட்டும். அங்கே எதுவும் இல்லை என்றால், சம்பந்தப்பட்ட நிலையத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இரண்டே கேள்விகள் எழுதிப் போடுங்கள்: இந்த எஃப்ஐஆர் மீது மேல் நடவடிக்கை கைவிடப்பட்டதா, கைவிடப்பட்டால் நடுவருக்கு அனுப்பிய அறிக்கையின் தேதியும் நகலும் என்ன.

கைவிடப்படவில்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலையும் எஃப்ஐஆர் நகலையும் எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு தாக்கல் செய்யலாம். முன்பு 482 ஆவது பிரிவு என்று சொல்லப்பட்ட அந்த மனு இப்போது புதிய நடைமுறைச் சட்டத்தின் 528 ஆவது பிரிவின்கீழ் வருகிறது. உத்தரவு பிறப்பித்த அதிகாரியின் எழுத்துப் புகார் கோப்பில் இல்லை என்பதை மனுவின் முதல் காரணமாக வையுங்கள். தமிழ்நாட்டில் ஜீவானந்தம் தீர்ப்பைச் சுட்டினாலே வாதத்தின் பாதி முடிந்துவிடும்.